குளத்தருகே நின்ற பாதை: ஹபரணை முதல் திருகோணமலை வரை

இலங்கையின் மலைநாட்டிலிருந்து வடகிழக்கே இறங்கி வரும் நெடும்பாதை, ஹபரணைச் சந்தியில் பொலன்னறுவைக்கும் மட்டக்களப்புக்கும் போகும் கிளையைப் பிரித்து அனுப்பிவிட்டு, ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தூரம் காட்டையும் குளங்களையும் வயல்வெளிகளையும் ஊடறுத்துத் திருகோணமலைத் துறைமுகத்தை அடைகிறது. காலையில் சிகிரியாக் குன்றில் ஏறி, பிற்பகலில் ஹபரணையில் ஜீப் வண்டி அமர்த்தி, மின்னேரியாவிலோ கவுடுல்லையிலோ யானைக் கூட்டங்களைப் பார்த்து, மறுநாள் கந்தளாய்க் குளக்கட்டிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் சிறிது நின்று, கோணேசர் மலையில் பயணத்தை முடிப்பது இன்றைய சுற்றுலாக்காரரின் வழக்கம். இந்த நிறுத்தங்கள் அவற்றின் அழகுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை போலத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை காட்சிக்காக உண்டானவை அல்ல. தாகம், இருட்டு, காய்ச்சல், யானைப் பயம், அரசனின் காவல் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று வழிப்போக்கனை அங்கே நிறுத்தியது. நிற்க நேர்ந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பார்க்கத்தக்க இடம் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

ஜீப் ஓட்டுநர்களின் வாயில் இன்று நாள்தோறும் புழங்கும் ‘சஃபாரி’ என்ற சொல்லும் இதே நிலையைக் காட்டுகிறது. பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ என்ற அரபுச் சொல், கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்துச் சுவாகிலி மொழியில் ‘சஃபாரி’ ஆகி, முதலில் சுமை தூக்குவோரோடு நடந்து செல்லும் நெடும்பயணம் எதையும் குறித்தது. வேட்டை என்ற பொருளும், பின்னர் விலங்கு பார்த்தல் என்ற பொருளும் ஐரோப்பியர் வழியாக அதன்மேல் ஏறின. தமிழில் நெடுங்காலமாக வழங்கும் ‘சவாரி’ இதனோடு ஒலியால் நெருங்கி நின்றாலும், பாரசீகத்தில் குதிரை ஏறுபவனைக் குறித்த வேறொரு சொல்லின் வழி வந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

பாதையை விளங்கிக்கொள்ள முதலில் நீரை விளங்கிக்கொள்ள வேண்டும். மாத்தளைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் அம்பன் கங்கையை எலஹெர என்னுமிடத்தில் மறித்து, அதன் நீரைக் கால்வாய் வழியே வடக்கே திருப்பும் வேலை பழைய அநுராதபுர அரசர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான் என்று பாளி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஏழாம் நூற்றாண்டு அரசனான இரண்டாம் அக்கபோதியின் பெயர் கந்தளாய்க் குளத்தோடு இணைக்கப்படுகிறது. எலஹெரவில் புறப்பட்ட நீர் கிரிதலை, மின்னேரியா, கவுடுல்லை, கந்தளாய் என்ற வரிசையில் குளத்திலிருந்து குளத்துக்கு இறங்கி, இறுதியில் தம்பலகாமத்து வயல்களில் பரவிக் கடலைத் தொடுகிறது. ஆண்டின் பாதியை மழையின்றிக் கழிக்கும் உலர் வலயத்தில் மனிதனோ மாடோ இந்த நீர்ச் சங்கிலியை விட்டு வெகுதூரம் விலகி நடக்க இயலாது. ஆகவே பாதை குளத்தைத் தேடிப் போனது என்பதே சரி.

யானையும் அதே காரணத்தால் அங்கே வந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் குளத்து நீர் வயலுக்குப் பாய்ந்து வற்ற வற்ற, நீர் மூடியிருந்த விளிம்புகளில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக் காடுகளில் தீனியும் நீரும் அருகிவிட்ட யானைகள், குட்டிகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் புல்லுக்கு இறங்குகின்றன. மின்னேரியாவில் ஒரே மாலையில் இருநூறு, முந்நூறு யானைகள் வரை காணப்படும் இந்தக் கூடுகை இயற்கையின் விந்தை என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. உண்மையில் அது நெல்லுக்காக மனிதன் கட்டிய குளத்தின் பக்கவிளைவு. ஆபிரிக்கப் புல்வெளிகளில் விலங்குக் கூட்டங்கள் மழையைத் தொடர்ந்து இடம்பெயர்கின்றன. இங்கே யானை, குளத்துத் துருசு திறக்கும் காலத்தைத் தொடர்ந்து நகர்கிறது. துருசு என்பது குளக்கட்டின் அடியில் அமைந்து, வயலுக்கு நீரை அளந்து விடும் மதகாகும்.

இப்பாதையின் மிகப் பழைய நிறுத்தம் பற்றிய எழுத்துச் சான்று கந்தளாயில் கிடைக்கிறது. சோழர் ஆட்சி முடிந்து, முதலாம் விஜயபாகு பொலன்னறுவையில் ஆண்ட காலத்திலும் இவ்வூர் பிராமணர் குடியிருப்பாக நீடித்தது. விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் பெற்றிருந்தது. அருகேயுள்ள பாலமோட்டையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, அவ்வரசனின் 42ஆம் ஆட்சியாண்டில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், நங்கைசானி என்ற பிராமணப் பெண் இறந்த தன் கணவனின் நினைவாக அங்கிருந்த சிவன் கோயிலுக்குக் கொடுத்த அறக்கொடையைப் பதிவு செய்து, அதைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற படைப்பிரிவினரிடம் ஒப்படைக்கிறது. காட்டு நடுவே, துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடையில், கோயிலும் வேதியர் குடியிருப்பும் காவற்படையும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது. அந்நாளில் கோகர்ணம் என்றும் அறியப்பட்ட திருகோணமலையில் இறங்கிய வணிகரும் படையினரும் அடியாரும் பொலன்னறுவைக்கு நடக்கையில் தங்கிச் செல்ல ஏற்ற நீர்நிலை இதுவே.

சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து, 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் இவ்வூருக்கு வந்து, பார்வதி சத்திரம் என்ற அறச்சாலையை அமைத்து, ஏழைகளுக்குத் தானம் வழங்கப்படுவதை அமர்ந்து பார்த்தான் என்பதை, அவன் அமர்ந்த கல்லாசனத்தின் மீதே பொறிக்கப்பட்ட சிங்களக் கல்வெட்டு தெரிவிக்கிறது. தன்னைப் பற்றிக் கல்லில் எழுதுவதில் சலிப்பே காணாத அரசன் அவன். தீவெங்கும் அவன் அமர்ந்த இருக்கைகள் இப்படிப் பேசுகின்றன. ஆயினும் இந்த இருக்கை பிறவற்றைவிடப் பொருளுடையது. சத்திரம் என்பது பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழிப்போக்கர் உண்டு உறங்கும் விடுதியைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றது. அதன் மூலமான வடசொல் தொடக்கத்தில் வேள்வியையும் தானத்தையும் குறித்தது. பௌத்த அரசன் ஒருவன் சைவப் பெயருடைய அறச்சாலையைப் பிராமணர் ஊரில் நிறுவி அதைச் சிங்களத்தில் எழுதிவைத்திருக்கும் அந்தக் கல், பின்னாளில் இப்பாதையோரம் எழுந்த வரலாற்றுச் சண்டைகள் பலவற்றுக்கு மௌனமான மறுமொழியாகவும் இருக்கிறது.

தமிழ் மரபு கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னனுக்கு உரியதாக்குகிறது. திருகோணமலைக் கோணேசர் கோயிலின் நித்திய பூசைக்கு நெல் வேண்டி அவன் குளம் தொட்டு, வயல் திருத்தி, தொழும்பு செய்ய மக்களைக் குடியேற்றினான் என்று கோணேசர் கல்வெட்டு என்ற நூல் கூறும். கல்வெட்டு என்று பெயர் இருந்தாலும் அது கல்லில் பொறித்ததன்று. கோயில் மரபுகளைத் தொகுத்துச் சொல்லும் செய்யுளும் உரைநடையும் கலந்த நூல். குளக்கோட்டனை, திருகோணமலைக் கோட்டையில் கிடைத்த வடமொழிச் சாசனம் 1223ஆம் ஆண்டோடு இணைத்துக் கூறும் சோடகங்கன் என்பவனோடு ஒன்றாகக் கருதும் அறிஞர் உண்டு. அவ்வாறாயின் அவன் குளத்தைப் புதிதாகக் கட்டியவனாக இராமல், சிதைந்ததைத் திருத்தியவனாக இருந்திருக்க வேண்டும். கோயிலும் குளமும் நாற்பது கிலோமீற்றர் இடைவெளியில் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகளாக இருந்தன என்பதை மட்டும் மரபும் சாசனங்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

பொலன்னறுவை கைவிடப்பட்டு அரசுகள் தென்மேற்குக்கு நகர்ந்த பின்னர், குளக்கட்டுகள் உடைந்தன. காடு வயலை விழுங்கியது. மலேரியாக் காய்ச்சல் பரவியது. பாதை அழிந்துவிடவில்லை, ஆனால் ஒற்றையடித் தடமாகச் சுருங்கியது. கண்டி அரசர்கள் அதை அகலப்படுத்த விரும்பவுமில்லை, ஏனெனில் கரையோரம் போர்த்துக்கேயர் கையிலும் ஒல்லாந்தர் கையிலும் இருந்தபோது, நடக்கக் கடினமான வழியே அவர்களுக்கு வாய்த்த கோட்டைச் சுவர். 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து பிடிபட்டு, ஏறக்குறைய இருபதாண்டுகள் கண்டி நாட்டில் சிறைவாசம் செய்த ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், வழிகளில் முட்கதவுகள் கட்டிக் காவலர் நிறுத்தப்பட்டிருந்ததையும், அவற்றைக் கடந்து செல்வோர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டியிருந்ததையும் விரிவாக எழுதியுள்ளார். முத்திரையில் உள்ள உருவம் கடந்து செல்பவனின் தரத்தைச் சொல்லும்: போர்வீரனுக்கு ஆயுதம் தாங்கிய மனிதன், கூலியாளுக்குக் காவடித் தடியில் பொதி சுமக்கும் மனிதன், வெள்ளையனுக்குத் தொப்பியும் வாளும் தரித்த மனிதன். எழுதப் படிக்கத் தெரியாத காவலனும் பார்த்தவுடன் அறியத்தக்க அடையாள அட்டை அது. நொக்ஸ் பிடிபட்ட இடமாகக் கருதப்படும் மூதூர்ப் புளியமரம் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்ற பெயரோடு பின்னாளில் பயணிகளின் நிறுத்தங்களுள் ஒன்றாயிற்று.

ஐரோப்பியப் படை இத்தடத்தில் பெருமளவில் நடந்தது 1803இல். பிரித்தானியர் கண்டியைப் பிடிக்க இரு திசைகளிலிருந்து படை அனுப்பியபோது, கேணல் பார்பட் தலைமையிலான பிரிவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டு இவ்வழியே மலையேறியது. நகரம் வெறுமையாகக் கிடைத்தது. ஆனால் அதைக் காத்து நின்ற படை சில மாதங்களில் காய்ச்சலாலும் முற்றுகையாலும் அழிந்தது, பார்பட்டும் அவ்வாண்டிலேயே நோயால் இறந்தார். மறுவருடம் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்ரன் மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை தன் படைப்பிரிவோடு மட்டும் சென்று, வரவேண்டிய பிற படைகள் வராததைக் கண்டு, தாக்கும் எதிரிக்கு நடுவே இத்தடத்தின் வழியாகவே திருகோணமலைக்குப் பின்வாங்கினார். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னரே இது வண்டிப் பாதையாக விரியத் தொடங்கியது. எட்வேர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த 1820களில் தொடங்கிய வீதி வேலைகளின் தொடர்ச்சியாக, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு மரம் வெட்டி வழி திறக்கப்பட்டது. இந்து சமுத்திரத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கையில் வைத்திருந்த கடற்படைக்கும், மலையில் இருந்த படைக்கும் இடையே அஞ்சல் ஓட இவ்வழி வேண்டியிருந்தது.

வீதி போட்டவர்களே யானைகளைச் சுட்டவர்களும் ஆவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையில் யானை வேட்டை அதிகாரிகளின் பொழுதுபோக்காக மட்டுமின்றி அரசின் கொள்கையாகவும் இருந்தது; பயிரை அழிக்கும் பிராணி என்று கருதி, கொன்ற யானைக்குப் பணப் பரிசு வழங்கப்பட்டது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தமது நூலில், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குக் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக எழுதுகிறார். மேஜர் ரொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்பட்டது; வீதி ஆணையாளரான தோமஸ் ஸ்கின்னரின் கணக்கு அதில் ஏறத்தாழப் பாதி. ரொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளை அரசு விடுதியில் இடி விழுந்து இறந்ததை ஊரார் யானைகளின் சாபமாகப் பேசிக்கொண்டது வியப்புக்குரியதன்று.

சாமுவேல் பேக்கர் இவர்களுள் வேறொரு காரணத்துக்காக நினைக்கப்பட வேண்டியவர். 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்த அவர், மின்னேரியாக் குளத்தின் கரைகளில் பாளையம் இறங்கி யானை வேட்டையாடியதை 1854இல் வெளியிட்ட நூலில் விளக்கமாக விவரித்தார். அடுத்த ஆண்டு இலங்கையைப் பற்றி இன்னொரு நூலும் வந்தது. கூலியாட்கள், சமையற்காரன், கூடாரம், வழிகாட்டும் உள்ளூர்க்காரர், நீர்நிலையருகே பாளையம், விடியலில் தடம் பார்த்தல் என்று அவர் இங்கே பழகிய முறைகளையே பின்னர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். 1864 மார்ச்சில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று ஆல்பர்ட் ஏரியைக் கண்டதாக உலகப் புகழ் பெற்ற அதே பேக்கர்தான் இவர். அவருடைய ஆபிரிக்கப் பயண நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையே அங்கே வேட்டைப் பயணத்தை ஒரு நாகரிகமாக்கியது. இன்று ஹபரணையில் ‘சஃபாரி’ விற்கப்படுவதை ஆபிரிக்காவிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று கொள்வதற்கு முன், அதன் ஒத்திகைகளுள் ஒன்று மின்னேரியாக் கரையில் நடந்ததை எண்ணிப்பார்க்கலாம்.

ஆபிரிக்கப் பாதைகளும் நீரை ஒட்டியே நின்றன. மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் உழைப்பில் போடப்பட்ட இருப்புப்பாதை, 1899இல் மலையேறுவதற்கு முன் தண்டவாளப் பொருள்களைக் குவிக்க ஒரு சதுப்பு நிலத்தருகே நின்றது. மசாய் மக்கள் குளிர்ந்த நீர் என்ற பொருளில் வழங்கிய பெயரே அந்நிறுத்தத்துக்கு நிலைத்தது. அதுதான் நைரோபி. இன்று அங்கிருந்து சாவோ வனத்துக்குக் காரில் போவோர் இடைவழியில் எரிபொருளும் உணவும் தேடி நிற்கும் இம்டிட்டோ அண்டேய் போன்ற ஊர்களும், கந்தளாயும் ஹபரணையும் போலவே, பார்க்க வந்தவர்களால் வளர்ந்தவையல்ல, நிற்க நேர்ந்தவர்களால் வளர்ந்தவை.

வெள்ளையர் சுட்டுக்கொன்ற அதே காலத்தில், யானையை உயிரோடு பிடிக்கும் உள்ளூர்த் தொழிலும் கிழக்கில் நடந்து வந்தது. பணிக்கர் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் யானைபிடிகாரர், ஏறாவூர் முதலிய ஊர்களிலிருந்து சிறு குழுக்களாகக் காட்டுக்குள் சென்று, மான் தோலிலும் எருமைத் தோலிலும் முறுக்கிய வார்க்கயிற்றைச் சுருக்கிட்டு, ஓடும் யானையின் பின்னங்காலில் மாட்டி, அது இழுத்துச் செல்லும்போதே கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவர். வேலியடைப்பு முறைக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். இவர்களுக்கு இரண்டு மூன்று பேர் போதும். டெனன்ட் இவர்களுடைய துணிவையும் தடம் அறியும் கூர்மையையும் வியந்து எழுதியிருக்கிறார். வெள்ளை வேட்டைக்காரருக்கு வழிகாட்டியவர்களும் பெரும்பாலும் இத்தகையவரே. ஆனால் நூல்களில் வேட்டைக்காரனுக்கு முழுப் பெயர், வழிகாட்டிக்குச் சாதிப் பெயர் மட்டும்.

குதிரையில் வந்த அதிகாரிக்கும், மாட்டு வண்டிலில் பண்டம் ஏற்றி வந்த வணிகனுக்கும் இரவு தங்க இடம் வேண்டியிருந்ததால், வீதிகளின் ஓரம் ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக அரசு விடுதிகள் கட்டப்பட்டன. இவற்றையே இலங்கைத் தமிழர் வாடிவீடு என்பர். மீன்பிடி காலத்தில் கரையில் அடிக்கும் தற்காலிகக் குடிசையை வாடி என்று சொல்லும் கரையோர வழக்கு, இந்தப் பெயருக்குள் தங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. ஹபரணை, அலுத்ஓயா, கந்தளாய் ஆகிய இடங்களில் வாடிவீடுகள் எழுந்தன. தடித்த சுவர், ஓட்டுக் கூரை, முன்னே நீண்ட விறாந்தை, சாய்மணைக் கதிரைகள், சுவரில் தொங்கும் கட்டணப் பட்டியல், முட்டையும் கோழியும் தவிர வேறெதுவும் வாக்களிக்காத சமையற்காரன் என்பன இவற்றின் பொது இலக்கணம். கடமையில் செல்லும் அரச உத்தியோகத்தருக்கே முதலிடம். ஏனையோர் அவர் வந்தால் ஒதுங்க வேண்டும். கந்தளாய் வாடிவீடு குளத்தைப் பார்த்து அமைந்தது. அங்கே தங்கியவர் மாலையில் செய்யக்கூடியது, கட்டின் மீது உலாவி நீரைப் பார்ப்பதொன்றே. பயண நூல்களில் கந்தளாய்க் குளம் காட்சியாக இடம் பெற்றதற்கு, மாடுகளை அவிழ்த்துவிட்ட அந்த மாலைகளே முதற் காரணம்.

சாதாரண மக்கள் வாடிவீட்டில் தங்கவில்லை. வண்டிலின் கீழோ, மரத்தடியிலோ, தீ மூட்டி யானையை விலக்கியபடி இரவைக் கழித்தனர். அவர்களுடைய பயணத்தின் சுவடு ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் பாலம்போட்டாறு என்றோர் ஊர் உண்டு. ஓடைக்குப் பாலம் வந்தது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்ததென்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. முள்ளிப்பொத்தானைப் பகுதியில் 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை என்று மைற்கல்லின் எண்ணே குடியிருப்பின் பெயராக வழங்குகிறது. கட்டை என்பது இலங்கைத் தமிழில் மைலைக் குறிக்கும் சொல்.

தம்பலகாமத்தில் பாதை காட்டைவிட்டு வயலுக்கும் கடல்வாடைக்கும் வருகிறது. அங்குள்ள ஆழமற்ற குடாவில் கண்ணாடிபோல் மெல்லிய தட்டைச் சிப்பிகள் விளைந்தன. அவற்றிலிருந்து கிடைத்த பொடி முத்துகளைச் சுட்டு நீறாக்கி, வெற்றிலையோடு சேர்த்து மெல்ல, இந்தியச் செல்வர் வாங்கினர் என்பதை டெனன்ட் குறித்துள்ளார். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்த பின்னர் எழுந்த ஆதிகோணநாயகர் கோயிலும் இவ்வூரிலேயே உள்ளது.

கன்னியா, திருகோணமலை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில், பாதையிலிருந்து சற்றே விலகி உள்ளது. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. அருகருகே இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. நிலத்தின் ஆழத்துக்கு வழிந்து சூடேறிய நீர், பாறை வெடிப்புகளின் வழியே மேலேறுவதே இதன் விளக்கம். 1821இல் வெளிவந்த ஜோன் டேவியின் நூல் முதல், ஐரோப்பியப் பயண நூல்கள் இதை வெப்பமானியோடு அணுகின. தமிழர் வேறு விதமாக அணுகினர். தாயின் ஈமக்கடனைச் செய்ய இராவணனுக்குத் தோன்றிய ஊற்றுகள் இவை என்ற மரபின்படி, இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோர் இங்கே வந்து கிரியை முடித்து நீராடுவர். சுற்றுலா வண்டியும் துக்க வீட்டு வண்டியும் ஒரே நிழலில் நிற்கும் இடம் இது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்புக்கு இது மாறியதும், அங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலம் பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றத்துக்குச் சென்றதும் அண்மைய வரலாறு. இதன் வடக்கே பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ப் பௌத்தரின் கொடைகளைப் பெற்றதைத் தமிழ்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிணக்குகளைப் பேசுவோர் அங்கே அதிகம் நிற்பதில்லை.

1920களின் பிற்பகுதியில் கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்ததும், சீனன்குடாவில் கடற்படைக்கான எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக எழுந்ததும், வண்டில் நாள்களை முடித்து வைத்தன. மோட்டார் கார் வந்தபின் ஒரு நாள் நடையாக இருந்த இடைவெளி முக்கால் மணி நேரமாகச் சுருங்கியது. வாடிவீடு தங்குமிடத்திலிருந்து தேநீர்க் கடையாக இறங்கியது. வேட்டையும் அடங்கியது. யானைகளையும் பிற விலங்குகளையும் காரணமின்றிக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1891இல் வந்தது; 1894இல் அமைந்த வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் பலர் வேட்டைக்காரர்களே. 1937இன் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மறுவருடம் மின்னேரியா சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்தது, பாளையம் இறங்கும் இடம் மட்டும் மாறவில்லை.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தனர். அதற்கு முன்பே போர் பாதையை மூடத் தொடங்கியிருந்தது. 1987 ஏப்ரல் 17ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, அலுத்ஓயா அருகே பேருந்துகளை மறித்து விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். 2006 ஒக்டோபரில் ஹபரணையை அடுத்த திகம்பதனையில், விடுப்பில் சென்ற கடற்படையினரின் பேருந்துகள் மீது வெடிகுண்டு வண்டி மோதி ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். இவ்விரு தாக்குதல்களுக்கும் இடையிலான காலத்தில் இப்பாதையின் நிறுத்தங்கள் என்றால் சோதனைச் சாவடிகளே. பேருந்திலிருந்து அனைவரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மணல் மூட்டைகளுக்கு இடையே நடந்து மறுபுறம் ஏறும் அந்த முறையில், பெயரும் பிறந்த ஊரும் தமிழருக்கு எவ்வளவு நேரம் எடுத்தன என்பதை அவ்வழியே போன தலைமுறை மறக்கவில்லை. இருட்டுமுன் கந்தளாயைக் கடந்துவிட வேண்டும் என்ற வண்டிற்காரரின் பழைய விதி, வேறு காரணத்துக்காக மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

மின்னேரியா 1997இலும் கவுடுல்லை 2002இலும் தேசிய பூங்காக்களாயின. 2009இல் போர் முடிந்ததும் பயணிகள் பெருகினர். ஹபரணைச் சந்தி ஜீப் வண்டிகளின் தரிப்பிடமாயிற்று. யானைக் கூட்டத்தைச் சுற்றி வண்டிகளின் கூட்டமும் குளத்து விளிம்பில் சேரலாயிற்று. அம்பன் கங்கையில் எழுந்த மொரகஹகந்தை நீர்த்தேக்கம் செயற்படத் தொடங்கிய பின், கோடையிலும் மின்னேரியாவில் நீர்மட்டம் உயர்ந்து நின்று புற்றரை மூழ்குவதாகவும், கூடுகை குலைவதாகவும் வனவிலங்கு ஆர்வலர் குறை கூறுகின்றனர். உழவர் பக்கம் நின்று பார்த்தால், நீர் நிறைந்த குளம் குறையே அன்று. அந்தக் குளம் கட்டப்பட்டதும் அதற்காகத்தான். 2025 பெப்ரவரி 20ஆம் நாள் விடியுமுன், ஹபரணையருகே பயணிகள் இரயில் யானைக் கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் இறந்தன. இரயில் தடம் புரண்டது.

இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானை கடக்கும் இடங்களைக் காட்டும் மஞ்சள் பலகைகள் வீதியோரம் நிற்கின்றன. தனித்து வரும் அலியன், அதாவது கொம்பில்லாத ஆண் யானை, தாரின் நடுவே வந்து நிற்பதுண்டு. பகலில் பழம் எறிந்து பழக்கிவிட்ட பயணிகளின் வண்டியை அது அடையாளம் கண்டு எதிர்பார்த்தும் நிற்கும். லொறிக்காரர்கள் முன்விளக்கைத் தணித்து, எஞ்சினை ஓடவிட்டபடியே, ஒலியெழுப்பாமல் காத்திருக்கிறார்கள். யானை காட்டுக்குள் இறங்கிய பிறகும் முதல் வண்டி உடனே புறப்படுவதில்லை. பின்னால் இன்னொன்று வரக்கூடும்.